ஒன்றரை அங்குலம்

“கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சார்.”

இந்த வாக்கியத்தை நாளைக்கு ஒரு தடவையாவது கேட்காத மனிதர் நம் ஊரில் இருந்தால், அவர் எங்காவது காட்டில் தவம் செய்கிறவராகத்தான் இருக்க வேண்டும். பஸ்ஸில் இருவர் உட்காரும் இடத்தில் மூன்றாவதாக நெருக்கிக்கொண்டு உட்காருகிறவர் இதைச் சொல்கிறார். சட்டைக் கையைக் குட்டையாகத் தைத்துவிட்ட தையற்காரர் சொல்கிறார். தண்ணீர் வராத குழாயைக் காட்டினால் வீட்டுக்காரர் சொல்கிறார். பெண்ணைப் புகுந்த வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பும் தாயாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இதையேதான் சொல்கிறாள். ஆங்கிலத்திலிருந்து நாம் கடன் வாங்கிய சொற்களில், இவ்வளவு உரிமையோடு கூடத்தில் வந்து காலை நீட்டி உட்கார்ந்துகொண்ட சொல் வேறு கிடையாது.

இந்தச் சொல்லின்மேல் எனக்குச் சென்ற ஆண்டு வரை எந்த விரோதமும் இருந்ததில்லை. சொல்லப்போனால் நானே அதைத் தாராளமாக வழங்கி வந்தவன். விரோதம் மூண்டது என் காரின் முன்பக்கத்தால்.

என்னிடம் ஒரு மோரிஸ் மைனர் இருக்கிறது. 1959-ஆம் வருஷத்து வண்டி. என் தகப்பனார் செகண்ட் ஹாண்டாக வாங்கி, தம் கடைசிக் காலம் வரை ஓட்டி, எனக்கு விட்டுப்போனது. அலெக் இசிகோனிஸ் என்ற மேதை உருவாக்கிய கார் அது. 1948-இல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமாகி, 1960-ஆம் வருஷ முடிவிலேயே பத்து லட்சத்தைத் தொட்டது. பிரிட்டனில் செய்த கார்களில் அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் கார் அதுதான். இலங்கைத் தெருக்களில் இன்றும் அதைச் சகஜமாகப் பார்க்கலாம். நம் சென்னையில் ஒரு காலத்தில் டாக்டர்களும் வக்கீல்களும் அதில்தான் போனார்கள். இப்போது என்னைப் போன்ற பைத்தியக்காரர்கள் போகிறோம்.

சென்ற ஆண்டு தை மாதத்தில், வண்டி வலது பக்கம் முன்னால் சாய்ந்து நிற்பதை என் மனைவி கண்டுபிடித்தாள். “உங்க வண்டிக்கு மூட்டுவலி போலிருக்கே?” என்றாள். ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். வலது மட்கார்டின் விளிம்பு இடது பக்கத்தைவிட ஒன்றரை அங்குலம் தாழ்ந்திருந்தது.

கதையை மேலே சொல்வதற்குமுன் இந்த வண்டியின் முன்பக்கம் எப்படி நிற்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பயப்படாதீர்கள், இயந்திர சாஸ்திரம் பேசப்போவதில்லை. ஈரத் துண்டைப் பிழியத் தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

மைனரின் முன்சக்கரங்களைச் சுருள் ஸ்பிரிங் எதுவும் தாங்கவில்லை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீண்ட எஃகுக் கம்பிகள் வண்டியின் அடியில் நீளவாட்டில் ஓடுகின்றன. மெக்கானிக்குகள் பாஷையில் டார்ஷன் பார். கம்பியின் முன்முனை சக்கரத்தைத் தாங்கும் கையோடு சேர்ந்திருக்கிறது. பின்முனை, முன் ஸீட்டுக்கு அடியில் குறுக்கே ஓடும் சட்டத்தில் – கிராஸ் மெம்பரில் – ஒரு நெம்புகோலால் இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கிறது. வண்டியின் பாரம் இறங்கும்போது கம்பி ஈரத் துண்டைப் போல் முறுக்கிக்கொள்கிறது. பாரம் குறைந்தால் முறுக்கு விடுகிறது. அவ்வளவுதான் ரகசியம்.

கம்பியின் முனைகளில் நுணுக்கமான பற்கள் வெட்டியிருக்கும். வண்டி தாழ்ந்துவிட்டால் நெம்புகோலைக் கழற்றி, ஒரு பல் தள்ளி மாட்டினால் வண்டி உயரும். அதைவிடச் சிறிய திருத்தத்துக்கு நெம்புகோல் பக்கத்தில் துளைகள் இருக்கின்றன. “பாரை முறுக்கினால் ஸ்பிரிங் விறைப்பாகிவிடும்” என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது தப்பு. வாளிக் கயிற்றில் எந்த இடத்தில் முடிச்சுப் போட்டாலும் கயிற்றின் பலம் மாறாது. வாளி தொங்கும் உயரம்தான் மாறும். இதுவும் அப்படியே.

நம் அம்பாசடரின் முன்பக்கமும் இதே ஜாதி. அதுவும் மோரிஸ் வம்சம்தானே? அம்பாசடர் டாக்ஸிகள் ஓடிய காலத்தில் சென்னையில் இந்த வேலை தெரிந்த மெக்கானிக்குகள் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். 2014-இல் அந்த வண்டியின் உற்பத்தியும் நின்றது. அதோடு இந்தக் கைவேலையும் மெள்ள மறைந்து வருகிறது.

நான் வண்டியைக் கொண்டுபோன இடம் சாதாரணப் பட்டறை அல்ல. கண்ணாடி அறை, குளிர்சாதனம், காத்திருப்பவர்களுக்குக் காப்பி, சுவரிலே பழைய கார்களின் வண்ணப் படங்கள் எல்லாம் இருந்தன. பழைய வண்டிகளைப் புதுப்பித்துத் தருவதுதான் அவர்கள் தொழில். பெயரைச் சொல்லப்போவதில்லை, ஒரு பெயரைச் சொன்னால் மற்றவர்கள் தப்பித்துக்கொண்டதாக நினைத்துவிடுவார்கள்.

ஓர் இளைஞர் வண்டியைச் சுற்றி வந்தார். “ஒண்ணுமில்ல சார். டார்ஷன் பார் களைச்சுப்போச்சு. ஒரு பல் தூக்கிட்டா சரியாயிடும்” என்றார். மத்தியானம் வண்டி நேராக நின்றது. அடிப்பாகம் முழுவதும் பளபளவென்று கறுப்புத் தார்ப் பூச்சு வேறு. “காம்ப்ளிமெண்ட் சார்” என்று சிரித்தார். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு, வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, எதிர் வீட்டிலிருந்து பார்த்தேன். கன கம்பீரம்.

ஐந்து வாரத்தில் மறுபடியும் வலது பக்கம் இறங்கிற்று. மறுபடியும் போனேன். மறுபடியும் ஒரு பல். சித்திரையில் மூன்றாம் தடவை போனபோது, அந்த இளைஞர் காப்பியைக் கொடுத்துவிட்டு அந்த மந்திரத்தைச் சொன்னார்.

“அறுபது வருஷத்துக்கு மேலான வண்டி சார். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க.”

எனக்கு அது நியாயமாகவே பட்டது. நானும் பழைய வண்டிதானே? அட்ஜஸ்ட் செய்துகொண்டு வீடு திரும்பினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேரக் குழந்தைகள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய் வந்தேன். பின் ஸீட்டில் இரண்டும் வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தன. இதை எழுதும்போதே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

அந்த வாரமே பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்க ஆரம்பித்தது. ஒரு நண்பர் புதுப்பேட்டையில் ஒரு பெரியவரிடம் அனுப்பினார். எல்லோரும் அவரை ‘பாய்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். எழுபது வயதிருக்கும். அம்பாசடர்களுக்கு அடியிலேயே ஆயுளைக் கழித்தவர். கண்ணாடி அறை கிடையாது. வேப்பமரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை.

பாய் வண்டியின் உயரத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு கோணியை விரித்து, கையில் டார்ச்சோடும் ஒரு ஸ்க்ரூடிரைவரோடும் அடியில் நுழைந்தார். ‘டக் டக்’ என்று தட்டிக்கொண்டே போன சத்தம் ஓரிடத்தில் ‘பொத்’தென்று மாறிற்று. “இங்கே வாங்க சார்” என்றார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்தேன்.

ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரை உள்ளே போயிருந்தது.

அந்தப் பளபளக்கும் தார்ப் பூச்சுக்குள்ளே, கிராஸ் மெம்பரின் வலது முனை அப்பளமாகத் துருப்பிடித்துப் போயிருந்தது. மைனருக்குத் தனியாகச் சட்டம் கிடையாது. தரைத் தகடும் உடம்பும் சேர்ந்ததுதான் அதன் எலும்பு. வண்டியின் முன்பாரத்தில் பாதியை முறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிற நெம்புகோல், அந்த அப்பளத்தில் தொற்றிக்கொண்டிருந்தது. கம்பி களைக்கவே இல்லை. கம்பியைப் பிடித்திருந்த இடம் இற்றுக்கொண்டிருந்தது. அதனால்தான் வண்டி தாழ்ந்தது. எத்தனை பல் தூக்கினாலும் மறுபடியும் தாழ்ந்தது. சாலையில் வேகமாகப் போகையில் அந்தப் பிடி விட்டிருந்தால் வலது முன்பக்கம் அப்படியே இறங்கி உட்கார்ந்திருக்கும். ஸ்டீரிங் என் கையில் இருந்திருக்கும். வண்டி என் கையில் இருந்திருக்காது. பின் ஸீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்களைப் பற்றி நான் எழுத விரும்பவில்லை.

பாய் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். “அவங்க வண்டியைச் சரி பண்ணலே சார். உங்க கண்ணைச் சரி பண்ணியிருக்காங்க” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது அந்த நிமிஷத்தில்தான். இன்னும் அடங்கவில்லை.

அந்த இளைஞர் மூன்று தடவை அந்த நெம்புகோலைக் கழற்றி மாட்டியிருக்கிறார். துருவை அவர் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அதன்மேல்தான் அவர் கை இருந்தது. பார்த்துவிட்டு, தாரைப் பூசினார். உயரத் திருத்தம் என்பது நோய் இல்லாத வண்டிக்குச் செய்ய வேண்டிய கடைசி வேலை. அதை நோயை மறைக்கும் முதல் வேலையாக ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள். முன்பக்கம் தாழ்ந்தது ஒரு சேதி. வண்டி தனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் ‘எனக்கு உள்ளே ஏதோ ஆகிவிட்டது’ என்று சொல்கிறது. ஒரு பல் தூக்கி அதன் வாயை அடைத்துவிடுகிறார்கள்.

இதற்கு அவர்கள் தரப்பில் சொல்லும் சமாதானங்களையும் கேட்டிருக்கிறேன். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் சமாதானம்: “இந்த வண்டிகள் வருஷத்துக்கு நாலு தடவை கண்காட்சிக்குப் போய் வருகிறவை. இதற்கு ஏன் இவ்வளவு?” நாலு தடவையும் சாலையில்தானே போகிறது? அந்தச் சாலையில் பள்ளிக்கூடக் குழந்தைகள் போவதில்லையா? தவிர, பழைய வண்டி மெதுவாகப் போவதால் ஆபத்தில்லை என்பது சுத்த அறியாமை. மைனரின் முன்சக்கரம் திரும்புவது, மரையுள்ள ஒரு செங்குத்துத் தண்டும் அதை மேலும் கீழும் தாங்கும் டிரன்னியன்களும் சேர்ந்த ஏற்பாட்டில். அவற்றுக்குப் பக்கத்துக்கு இரண்டு கிரீஸ் நிப்பிள்கள் உண்டு. ஒழுங்காகக் கிரீஸ் அடிக்காவிட்டால் மரை தேய்ந்து, ஒரு நாள் சக்கரம் மடிந்து படுத்துவிடும். பெரும்பாலும் மெதுவாக ஒடித்துத் திருப்பும்போதுதான் அது நடக்கும். மைனர் வைத்திருக்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம் இது. பம்பருக்கு மாதாமாதம் பாலிஷ் போடுகிறவர்களில் எத்தனை பேர் அந்த நிப்பிள்களை நேரில் பார்த்திருக்கிறார்கள்?

இரண்டாவது சமாதானம், முன்பக்கத்தை வேண்டுமென்றே தாழ்த்திக்கொள்ளும் இளைஞர்களுடையது. “என் வண்டி, என் ரசனை” என்கிறார்கள். ரசனையை நான் மறுக்கவில்லை. என் சிறு வயதில் நானும் தலைமுடியில் செய்யாத அக்கிரமம் இல்லை. ஆனால் முடியைக் குறைத்தால் கால் கோணலாகாது. காரைத் தாழ்த்தினால் ஆகும். உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வு மாறுகிறது. மைனரின் முன்சக்கரங்கள் முன்பக்கத்தில் 3/32 அங்குலம் உள்நோக்கிக் குவிந்திருக்க வேண்டும் என்பது கணக்கு. உயரத்தை மாற்றியபின் அதை மறுபடி பார்த்துச் சரிசெய்தாக வேண்டும். முகவிளக்கின் வெளிச்சம் விழும் இடம் மாறுகிறது. சக்கரம் மேலே எழும்ப இருக்கும் இடைவெளி குறைந்து, வேகத்தடைதோறும் ரப்பர் கட்டையில் போய் இடிக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் கேட்கவே வேண்டாம். ஒரு கால் உயர்ந்த நாற்காலியைப் போல, அந்த மூலையும் அதற்கு எதிர்மூலையில் உள்ள பின்சக்கரமும் அதிக பாரத்தைச் சுமக்கின்றன. என் வண்டி பிரேக் போட்டால் இழுத்ததும் இதனால்தான். இவ்வளவையும் அளந்து, ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் செய்துவிட்டுத் தாழ்த்துகிறவர் இருந்தால் அவருக்கு என் நமஸ்காரம். கண்ணால் பார்த்துத் தாழ்த்துகிறவரோடுதான் எனக்குச் சண்டை.

மூன்றாவது சமாதானத்துக்குத்தான் எனக்குப் பதில் சொல்வது கஷ்டமாக இருக்கிறது. அந்த இளைஞரே பிற்பாடு என்னிடம் சொன்னது அது. நான் போய்ச் சத்தம் போட்டபோது அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “அடியில வெல்டிங் வேலைன்னு சொன்னா யாரும் காசு தர மாட்டேங்கிறாங்க சார். பெயிண்டுன்னா கேட்ட காசு தர்றாங்க. நீங்களும் முதல் நாளே ‘ஜாஸ்தி செலவு வைக்காம நிமிர்த்திக் குடுப்பா’ன்னுதான் சொன்னீங்க.”

சொன்னேன். வாஸ்தவம். அந்த வார்த்தைகளைத்தான் சொன்னேன். ‘ஏன் தாழ்ந்தது?’ என்று நான் கேட்கவே இல்லை. ‘நிமிர்த்திக் கொடு’ என்றேன். கேட்டதைக் கொடுத்தார். தாரைப் பூசியது அவர் குற்றம். அதை மன்னிக்க நான் தயாராக இல்லை. ஆனால் தார் வாங்கக் காசு கொடுத்தவன் நான். கண்ணுக்குத் தெரிவதற்கே விலை கொடுக்கும் என் போன்றவர்கள் இருக்கிற வரைக்கும், அடியில் படுத்துப் பார்க்கிற பாய்களுக்குத் தகரக் கொட்டகைதான் கிடைக்கும்.

பாய் பதினொரு நாள் எடுத்துக்கொண்டார். துருத்த பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு, கனமான புதுத் தகட்டை வளைத்து வெல்டிங் செய்தார். கம்பிகள் இரண்டையும் கழற்றினார். பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தாலும் இடதை வலதில் மாட்டக் கூடாதாம். ஒவ்வொன்றும் ஒரு திசையில் முறுக்கிப் பழக்கப்பட்டது. முறுக்கேறிய கம்பியோடு விளையாடினால் நெம்புகோல் கையை ஒடித்துவிடும் என்று, சக்கரக் கைக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, முறுக்கை அங்குலம் அங்குலமாக இறக்கினார்.

கடைசியாகத்தான் உயரம். அதை அவர் செய்த விதத்தைப் பார்க்க நீங்களும் இருந்திருக்க வேண்டும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபை வைத்து முதலில் தரையின் மட்டத்தைப் பார்த்தார். நாலு டயரிலும் காற்றைச் சரிபார்த்தார். வண்டியை இறக்கியதும் அளக்கவில்லை. முன்பக்கத்தை நாலைந்து தடவை அமுக்கி ஆட்டிவிட்டு, பத்தடி முன்னால் தள்ளி நிறுத்தினார். ஜாக்கியிலிருந்து இறங்கிய சக்கரம் தரையைக் கவ்விக்கொண்டு நிற்குமாம். உருட்டினால்தான் இயல்பான நிலைக்கு வரும். அப்புறம் அளந்தார். சாக்கட்டியால் சுவரில் எழுதினார். துளையை மாற்றினார். மறுபடியும் ஆட்டி, தள்ளி, அளந்தார். அன்று மட்டும் ஆறு தடவை.

ஏழாவது தடவை அளந்துவிட்டு ஸ்பேனரைக் கீழே வைத்தார். நான் சுவரைப் பார்த்தேன். இரண்டு பக்கத்துக்கும் இன்னும் கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக வித்தியாசம் இருந்தது.

“பாய், இது?” என்றேன்.

“இது இருக்கலாம் சார். இத்தனை வயசு வண்டி. உடம்பே அவ்வளவு மாறியிருக்கும். இதுக்கு மேல தேடினா நான் அளவுகோலை ஏமாத்தணும். இதை மட்டும் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க” என்றார்.

அதே சொல்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அன்றிரவு படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் சண்டை எங்கே என்று எனக்குப் புரிந்தது. அளந்து பார்த்து, கெட்டதை வெட்டி எறிந்து, செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்தபின் மிஞ்சும் கால் அங்குலத்தை ஏற்றுக்கொள்ளச் சொன்னார் பாய். அளக்காமல், பார்க்காமல், தாரைப் பூசிவிட்டு ஒன்றரை அங்குலத்தை ஏற்றுக்கொள்ளச் சொன்னார் அந்த இளைஞர். முன்னது விவேகம். பின்னது மோசடி. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துக்கொண்டு நாம் காலம் தள்ளிக்கொண்டிருக்கிறோம்.

இந்த மைனர் பிறந்த கதையிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. கார் ஏறக்குறையத் தயாரான பிறகு, அது அகலம் போதாமல் ஒடுங்கியிருப்பதாக இசிகோனிஸுக்குப் பட்டது. ‘பரவாயில்லை’ என்று அவர் விட்டுவிடவில்லை. மாதிரி வண்டியை நீளவாட்டில் இரண்டாக அறுக்கச் செய்து, நடுவில் 4 அங்குலம் சேர்த்தார். பழைய அகலத்துக்குச் செய்த பம்பர்கள் ஏற்கெனவே தயாராக இருந்தன. அவற்றை இரண்டாக வெட்டி நடுவில் ஒரு துண்டைச் சேர்த்தார்கள். ஆரம்ப கால மைனர்களின் பம்பர்களில் அந்த ஒட்டு பகிரங்கமாகத் தெரியும். அதுவும் ஓர் அட்ஜஸ்ட்மெண்ட்தான். ஆனால் உடம்பை முதலில் சரிசெய்துவிட்டு, ஒட்டை ஊரறிய வெளியில் போட்ட அட்ஜஸ்ட்மெண்ட். அதன்மேல் யாரும் தார் பூசவில்லை.

காரைப் பற்றி எழுத வந்தவன் இதையும் சொல்லாமல் முடித்தால் நானும் தார் பூசியவனாவேன். வண்டி பாயிடம் இருந்த அந்தப் பதினொரு நாளில், என் உறவுப் பெண் ஒருத்தி புருஷன் வீட்டிலிருந்து டெலிபோன் செய்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷம். “பெரியப்பா, இங்கே என்னால் முடியவில்லை” என்றாள். இதற்குமுன் இரண்டு தடவை அவள் அப்படிச் சொன்னபோது நான் என்ன சொன்னேன் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். இரண்டு தடவை ஒரு பல் தூக்கி அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது தடவையும் வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போது அந்த ‘பொத்’தென்ற சத்தம் என் காதில் கேட்டது. “என்னம்மா நடந்தது? முதலிலிருந்து சொல்லு” என்றேன். இரண்டு வருஷத்தில் அவளை நான் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் ஒரு மணி நேரம் சொன்னாள். அவள் சொன்னது அவளுடைய விஷயம். இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. இப்போது அவள் எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறாள் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

பழைய கார் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வண்டி ஒரு பக்கம் தாழ்ந்தால், தயவுசெய்து நேரே பட்டறைக்குப் போய் ‘நிமிர்த்திக் கொடு’ என்று சொல்லாதீர்கள். ஒரு கோணியை விரியுங்கள். ஒரு டார்ச்சையும் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் நுழையாதீர்கள். பலமான ஸ்டாண்டு கொடுத்துவிட்டு நுழையுங்கள். தட்டிப் பாருங்கள். சத்தம் மாறினால் நில்லுங்கள். மட்கார்டை அளப்பதெல்லாம் அதற்கப்புறம்.

வேட்டி அழுக்காகும். என் மனைவி ஒன்றும் சொல்வதில்லை.